அம்மாவின் சாட்சியத்தை எங்கே கொடுப்பது? புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஓர் ஒப்பீடு

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற வெளிநாட்டுப் பிள்ளைகளில் சிலர், தேரும் தீர்த்தமும் முடிந்து விமானம் ஏற இரண்டு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு பிளாஸ்டிக் பைலோடு என் வீட்டுப் படலையைத் தட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை செய்தவள் நான். ஆட்கொணர்வு மனுக்களுக்கான சத்தியக் கடதாசிகளையும் ஆணைக்குழுக்களுக்குப் போகிற முறைப்பாடுகளையும் எழுதிக் கொடுத்தே என் காலம் போனது. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை.

பைலுக்குள் என்ன இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். போர்க்காலத்தில் காணாமல் போன பிள்ளையின் பாடசாலைக் காலத்துப் படம் ஒன்று, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, பொலிஸ் முறைப்பாட்டின் மங்கிய பிரதி, 2010இல் வந்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம், 2013இல் வந்த பரணகம ஆணைக்குழுவுக்கு இன்னொன்று. கேள்வியும் அநேகமாக ஒன்றுதான். "அன்ரி, லண்டனில வழக்குப் போடலாம் எண்டு ஒராள் சொல்லுறார். இன்னொராள் ஜெனீவாவுக்குக் குடுக்கச் சொல்லுறார். அம்மாவோ ஓஎம்பி படியே மிதிக்க மாட்டன் எண்டுறா. நாங்கள் எதைச் செய்யிறது?"

ஓஎம்பி என்றால் அரசின் காணாமல் போனோர் அலுவலகம். வாசலில் நின்றுகொண்டு சொல்லிவிடக்கூடிய பதில் இதற்கு இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

## முதலில் எதை வைத்து அளப்பது

நீதி என்று எதைக் கேட்கிறீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். ஒரே குடும்பத்துக்குள் பதில் வேறுபடும். தாய்க்கு மகனின் எலும்பாவது வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கு நடந்தது இனப்படுகொலை என்று உலகம் சொல்ல வேண்டும். சூரிச்சில் இருக்கும் அக்காவுக்கு, போர் முடிவில் வட்டுவாகலில் தன் கண் முன்னே சகோதரனைப் பெயர் பதிந்து பஸ்ஸில் ஏற்றிய அதிகாரி கூண்டில் நிற்க வேண்டும். மூன்றும் நியாயமான ஆசைகள். ஆனால் மூன்றையும் சேர்த்துத் தருகிற வழி இன்றைக்கு எதுவும் இல்லை.

அடுத்தது காலம். அதை யாருடைய ஆயுளை வைத்து அளக்கிறோம் என்பது முக்கியம். சாட் நாட்டின் சர்வாதிகாரி ஹப்ரே 1990இல் பதவி இழந்தார். அவருடைய கையில் சித்திரவதைப்பட்டவர்கள் செனகலில் அவருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தது 2016இல். உங்களுக்கு நாற்பது வயது என்றால் இருபத்தாறு ஆண்டு ஒரு கணக்கு. அம்மாவுக்கு எழுபத்தெட்டு என்றால் அது வேறு கணக்கு.

மூன்றாவது, இங்கே இருப்பவரின் பாதுகாப்பு. பேட்டி கொடுப்பவர் லண்டனில் இருப்பார். சிவில் உடையில் வருகிறவர்கள் தட்டுவது புதுக்குடியிருப்பில் இருக்கும் மாமியின் கதவை. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் வந்தது, இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

நான்காவது செலவு. காசு அதில் ஒரு பகுதிதான், மீதியை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். கடைசியாக, ஒரு வழியில் எடுத்து வைக்கிற அடி இன்னொரு வழியைக் கெடுக்குமா என்றும் பார்க்க வேண்டும். இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் நல்ல சாட்சியங்கள் பாழாய்ப் போனதை நான் அதிகமாகக் கண்டது இந்த இடத்தில்தான்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வட மாகாண சபை 2015 பெப்ரவரி 10ஆம் திகதி நிறைவேற்றிய தீர்மானம் அதைத்தான் சொன்னது. 2013இல் பிறேமனில் கூடிய மக்கள் தீர்ப்பாயமும் அந்த முடிவுக்கே வந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி, ஓர் இனத்தை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். கொன்றதை நிரூபிப்பதைவிட நோக்கத்தை நிரூபிப்பது பல மடங்கு கடினம். 2015 செப்டெம்பரில் வந்த ஐ.நா. விசாரணை அறிக்கை போர்க்குற்றங்களும் மனிதத்துக்கு எதிரான குற்றங்களும் நடந்திருக்கலாம் என்றது, இனப்படுகொலை என்ற முடிவுக்கு வரவில்லை. ஒரு வெளிநாட்டு நீதிமன்றத்தில் ஓர் அதிகாரி மீது குற்றம் சாட்டப்பட்டாலும் அது பெரும்பாலும் சித்திரவதை, கொலை, போர்க்குற்றம் என்றுதான் இருக்கும். இதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். தீர்ப்பு வரும் நாளில் அந்தச் சொல் இல்லையே என்று அவர் உடைந்துபோகக் கூடாது.

## ஜெனீவா: சாட்சியத்தைப் பாதுகாக்கும் வழி

ஒவ்வொரு மார்ச்சும் செப்டெம்பரும் இங்கே பத்திரிகைகளில் ஜெனீவா என்று வருவது ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் அமர்வு. அங்கே நிறைவேறும் தீர்மானங்களை விடவும் உங்களுக்கு முக்கியமானது, 2021 மார்ச்சில் வந்த 46/1 தீர்மானத்தின் கீழ் மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்துக்குள் உருவான பொறுப்புக்கூறல் பிரிவு. அந்தப் பிரிவு சாட்சியங்களைச் சேகரிக்கிறது, ஆராய்கிறது, பத்திரப்படுத்துகிறது. பிற்காலத்தில் ஏதாவது ஒரு நாட்டு நீதிமன்றம் விசாரணை தொடங்கினால் அதற்குக் கொடுத்து உதவுவதுதான் நோக்கம். 2025 ஒக்டோபரில் வந்த தீர்மானம் அதன் காலத்தை இன்னும் இரண்டு ஆண்டு நீட்டியது.

அது நீதிமன்றம் இல்லை. யாரையும் பிடிக்காது, தண்டிக்காது. இலங்கை அரசு, எந்தக் கட்சி ஆண்டாலும், அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2015இல் கொழும்பு தானே இணை அனுசரணை கொடுத்த தீர்மானத்திலிருந்து 2020இல் விலகிப் போன கதையும் நமக்குத் தெரியும். ஆகவே "ஜெனீவாவுக்குக் கொடுத்தாயிற்று, இனி நீதி வரும்" என்று இருந்துவிட முடியாது.

அப்படியிருந்தும் பெரும்பாலான குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சாட்சி சொல்பவரின் சம்மதம் எதுவரை என்று அங்கே கேட்டு வைக்கிறார்கள். பெயரை யாருக்குக் காட்டலாம், எந்த நாட்டு விசாரணையாளருக்குக் கொடுக்கலாம் என்பதை அவரே தீர்மானிக்கலாம். செலவும் இல்லை. சாட்சி இறந்துபோனாலும் வாக்குமூலம் இருக்கும். மறைந்த செலவு என்றால் மௌனம்தான். கொடுத்த பிறகு ஆண்டுக்கணக்கில் ஒரு பதிலும் வராது. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், "அவையும் எங்களை ஏமாத்திப்போட்டினம்" என்று அழுத தாய்மாரை எனக்குத் தெரியும். சேகரிப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று முதலிலேயே விளக்கியிருந்தால் அந்த வேதனை குறைந்திருக்கும்.

நேரடியாகக் கண்ட சாட்சி உங்களிடம் இருந்து, குற்றவாளி யார் என்றோ எங்கே இருக்கிறார் என்றோ தெரியாதபோது இது சிறந்த வழி.

## நீங்கள் வாழும் நாட்டு நீதிமன்றம்

உலகளாவிய நியாயாதிக்கம் என்று சட்டத்தரணிகள் சொல்வது இதைத்தான். குற்றம் வன்னியில் நடந்திருந்தாலும் ஜேர்மனியிலோ சுவிற்சர்லாந்திலோ வழக்கு நடத்தலாம் என்ற விதி. பெயர் சொல்லி ஒருவரைத் தண்டிக்க இன்று உள்ள வழிகளில் உண்மையில் பலன் கொடுத்தது இது ஒன்றுதான். அதனாலேயே இதில் ஆசையும் அதிகம், ஏமாற்றமும் அதிகம்.

பலன் கொடுத்த இடங்களைப் பாருங்கள். சிரியாவின் சிறையொன்றில் விசாரணைப் பொறுப்பில் இருந்த அன்வர் ரஸ்லான் அகதியாக ஜேர்மனிக்கு வந்தார். அதே சிறையில் அடிபட்டவர்களும் அகதியாக அங்கே வந்திருந்தார்கள். கோப்லென்ஸ் நகரில் 108 நாள் விசாரணை நடந்து, எண்பதுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பேசி, 2022 ஜனவரியில் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. யசீதி மக்களுக்கு எதிரான இனப்படுகொலைக்கு 2021 நவம்பரில் ஃபிராங்ஃபர்ட் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அங்கே இனப்படுகொலை என்ற சொல் தீர்ப்பிலேயே வந்தது. பிரான்சில் கோத்தியே என்ற தம்பதியர், மனைவி ருவாண்டாவில் தாயைப் பறிகொடுத்தவர், 2001இல் ஒரு சங்கம் தொடங்கி, விடுமுறை தோறும் ருவாண்டாவுக்குப் போய்ச் சாட்சியம் சேர்த்தார்கள். முதல் தண்டனை 2014இல் வந்தது. பதின்மூன்று ஆண்டு. பெரிய பதவியோ பணமோ இல்லாத ஒரு புலம்பெயர்ந்த குடும்பம் என்ன செய்யலாம் என்பதற்கு இவர்கள்தான் என் மனதில் நிற்கிற உதாரணம்.

நம் பக்கத்துக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2017இல் முன்னாள் இராணுவத் தளபதி ஜகத் ஜயசூரியவுக்கு எதிராக பிரேசிலில் முறைப்பாடு தாக்கலானபோது, அங்கே தூதுவராக இருந்த அவர் நாட்டை விட்டு வெளியேறியிருந்தார். 2019இல் கலிபோர்னியாவில் கோட்டாபய ராஜபக்சவுக்கு எதிராகப் போட்ட சிவில் வழக்கை, அவருக்குப் பதவி வழி விலக்கு உண்டு என்று நீதிமன்றம் தள்ளியது. 2022 ஜூலையில் அவர் சிங்கப்பூரில் இறங்கியபோது அங்கும் முறைப்பாடு கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் அவர் தாய்லாந்துக்குப் போய்விட்டார். லண்டனில் 2018 பெப்ரவரி 4ஆம் திகதி தூதரக வாசலில் நின்ற நம்மவர்களைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டிய பிரிகேடியரை மறந்திருக்க மாட்டீர்கள். 2019 டிசெம்பரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 2021இல் மேல்நீதிமன்றம் இராஜதந்திர விலக்கைச் சொல்லி அதை நீக்கியது.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் தெரிகிறது. பதவியில் இருக்கும் அல்லது இருந்த பெரிய ஆளைத் துரத்தினால் விலக்கு என்ற சுவரில் மோதுகிறோம். ரஸ்லானைப் போல, பதவியை விட்டு, அகதியாகவோ குடியேறியாகவோ வந்து உங்கள் தெருவிலேயே வாழ்கிற நடுத்தர ஆள்தான் பிடிபடுகிறார். யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு வேளையில் வீட்டுக்குள் வைத்துக் கொல்லப்பட்ட ஊடகவியலாளர் நிமலராஜனின் வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர் இறந்தது 2000 ஒக்டோபர் 19. இருபத்தொரு ஆண்டுக்குப் பிறகு, 2022 பெப்ரவரியில், இங்கிலாந்துப் பொலிஸ் அந்தக் கொலை தொடர்பில் அங்கே வாழ்ந்த ஒருவரைக் கைது செய்து விசாரித்தது. தண்டனை வரை இன்னும் போகவில்லை. ஆனாலும் இத்தனை காலம் கழித்துக் கதவு திறக்கலாம் என்பதை அது காட்டியது.

நாட்டுக்கு நாடு விதி மாறும். ஜேர்மனியில் சந்தேகநபர் நாட்டுக்குள் இல்லாவிட்டாலும் விசாரணை தொடங்கச் சட்டம் இடம் தருகிறது. சுவிசில் அவர் அங்கே காலடி வைத்திருக்க வேண்டும். கனடாவில் 2000ஆம் ஆண்டிலிருந்து இதற்கான சட்டம் இருக்கிறது. ருவாண்டாக்காரர் ஒருவருக்கு 2009இல் அதன்கீழ் ஆயுள் தண்டனையும் கிடைத்தது. ஆனால் அங்கே இத்தகைய வழக்குகள் மிக அரிது. ரொறன்ரோவில் இவ்வளவு தமிழர் இருக்கிறோம், அங்கே போட்டால் சுலபம் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வழக்கு எடுபடுவது சனத்தொகையைப் பார்த்து இல்லை, சந்தேகநபர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்த்து.

மறைந்த செலவுகளுக்கு வருகிறேன். முதலாவது உங்களுடைய அகதி விண்ணப்பம். 1999இல் பரிசிலோ லண்டனிலோ ஒரு மொழிபெயர்ப்பாளரை நம்பி நீங்கள் சொன்ன கதையும் இப்போது சொல்கிற கதையும் திகதியில் முரண்பட்டால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் பிடிப்பார். அன்று பயத்தில் எதையாவது மறைத்திருந்தால், இன்று அதை உங்கள் சட்டத்தரணியிடம் முதலிலேயே சொல்லுங்கள். இரண்டாவது மொழி. கோப்லென்ஸ் விசாரணை ஜேர்மன் மொழியில் நடந்தது. வந்திருந்த சிரிய மக்களுக்கே என்ன நடக்கிறது என்று புரியாமல், அரபு ஊடகவியலாளர்களுக்கு மொழிபெயர்ப்பைக் கேட்க வழிவிடும்படி அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது. "அவன் கொண்டுபோனான்" என்பதற்கும் "அவை கொண்டுபோனவை" என்பதற்கும் உள்ள வித்தியாசம் மொழிபெயர்ப்பில் தொலைந்தால் ஒரு வழக்கே தொலைந்துவிடும். மூன்றாவது குறுக்கு விசாரணை. அம்மாவை நாலு மணித்தியாலம் நிற்க வைத்து, மகன் இயக்கத்தில் இருந்தானா என்று பத்துத் தரம் கேட்பார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சட்டம் எல்லாப் பக்கமும் வெட்டும். வெளிநாட்டமைச்சர் கதிர்காமர் கொலை தொடர்பில் முன்னாள் புலிப் போராளி ஒருவருக்கு 2020இல் ஸ்ருட்கார்ட் நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. 2015 ஐ.நா. அறிக்கையில் புலிகள் சிறுவரைப் படையில் சேர்த்ததும், மக்களை வெளியேற விடாமல் தடுத்ததும் பதிவாகியிருக்கின்றன. அந்த உண்மைகளையும் சொல்லத் தயாராக இருப்பவரின் சாட்சியத்தைத்தான் நீதிபதி நம்புவார். என் அனுபவத்தில் அப்படிச் சொல்கிற தாய்மார் நிறையப் பேர் உண்டு. அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் நாங்கள்தான்.

சந்தேகநபரின் பெயர் தெரியும், அவர் இலங்கைக்கு வெளியே வாழ்கிறார் அல்லது வந்து போகிறார், அவரை நேரில் கண்ட சாட்சி வெளிநாட்டில் பாதுகாப்பாக இருக்கிறார் என்றால் இந்த வழியை எடுங்கள். இந்த மூன்றில் இரண்டு இல்லை என்றால் காசைச் சேமித்து வைத்து, சாட்சியத்தை ஜெனீவாவில் பத்திரப்படுத்துங்கள்.

## ஹேக்

இதைப் பற்றி அதிகம் பேச எதுவும் இல்லை. ஹேக் நகரில் இருக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் உரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. பாதுகாப்புச் சபை அனுப்பினால் உண்டு, அதற்கு அங்கே ஒரு வீட்டோ போதும் தடுக்க. சர்வதேச நீதிமன்றத்துக்குத் தனி ஆட்கள் போக முடியாது, ஒரு நாடுதான் இன்னொரு நாட்டின் மீது வழக்குப் போடலாம். மியன்மாருக்கு எதிராக 2019இல் காம்பியா போட்டது. நமக்காக ஒரு காம்பியா கிடைக்க வேண்டும் என்பது அரசியல் வேலை, அமைப்புகளின் வேலை. ஒரு குடும்பம் தன் பைலோடு நேரடியாகப் போகக்கூடிய இடம் இது இல்லை. "ஹேக்கில் கேஸ் போடுகிறோம், பங்களிப்புத் தாருங்கள்" என்று யாராவது கேட்டால், எந்த நாடு போடுகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

ரோஹிங்கியா மக்களிடம் ஒன்று கற்கலாம். லண்டனில் இயங்கும் அவர்களுடைய அமைப்பு ஒன்று ஹேக்கையே பார்த்துக்கொண்டு இருக்காமல், 2019இல் ஆர்ஜன்ரீனா நீதிமன்றத்துக்குப் போனது. 2025 பெப்ரவரியில் மியன்மாரின் இராணுவத் தலைவருக்கு அங்கே பிடியாணை பிறந்தது. தாங்கள் வாழும் நாட்டில் கதவு மூடியிருந்தால் இன்னொரு நாட்டில் தட்டலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

## தடைப்பட்டியல்

தடை என்பது தண்டனை இல்லை, ஆனால் வெறுங்கையும் இல்லை. 2020 பெப்ரவரியில் அமெரிக்கா அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வாவுக்குப் பயணத் தடை போட்டது. 2023 ஜனவரியில் கனடா நான்கு பேர் மீது தடை விதித்தது: மகிந்த, கோட்டாபய, சந்தன ஹெட்டியாராச்சி, சுனில் ரத்நாயக்க. 2025 மார்ச் 24இல் இங்கிலாந்து சவேந்திர சில்வா, முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட, ஜகத் ஜயசூரிய ஆகியோரோடு, புலிகளிலிருந்து பிரிந்த கருணாவையும் சேர்த்தது.

சுனில் ரத்நாயக்க என்ற பெயரைக் கேட்டால் தென்மராட்சியில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 2000 டிசெம்பரில் மிருசுவிலில், தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போன எட்டுப் பேரைக் கொன்ற வழக்கு. இறந்தவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் உண்டு. தப்பி வந்த ஒருவரின் சாட்சியத்தால் அந்த வழக்கு நின்றது. 2015இல் மரண தண்டனை, 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். இருபது ஆண்டு போராடிக் கிடைத்த தீர்ப்பு ஒரு கையெழுத்தில் போனது. அந்தக் கையெழுத்துக்குக் கனடா சொன்ன பதிலாகத்தான் 2023ஆம் ஆண்டுத் தடையை நான் பார்க்கிறேன்.

தடைக்குச் சாட்சியை யாரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை. ஆதாரக் கோப்பு நன்றாக இருந்தால், தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் விடாமல் கேட்டால், சில ஆண்டுகளில் நடக்கலாம். அரசு மாறினால் தூக்கவும்படலாம் என்பது அதன் பலவீனம். இங்குள்ளவருக்கு ஆபத்தும் குறைவு, அவர்களின் பெயர் வெளியே வரத் தேவையில்லை.

## பாராளுமன்றங்களும் அந்தச் சொல்லும்

ஒன்ராறியோவில் தமிழினப்படுகொலை அறிவூட்டல் வாரச் சட்டம் 2021 மே மாதம் வந்தது. அதை எதிர்த்துப் போட்ட வழக்கு இரண்டு நீதிமன்றங்களில் தோற்று, 2025 மார்ச்சில் கனடிய உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டை எடுக்க மறுத்தது. கனடிய நாடாளுமன்றம் 2022 மே 18இல் அந்த நாளைத் தமிழினப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. 2025 மே மாதம் பிரம்டனில் நினைவுச் சின்னம் திறந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு முள்ளிவாய்க்கால் நினைவிடத்தை இடித்ததை நேரில் அறிந்தவர்களுக்கு, இடிக்க முடியாத இடத்தில் ஒன்று நிற்பதன் அருமை தெரியும்.

இந்த வேலைக்குச் சாட்சி தேவையில்லை, வாக்கும் உழைப்பும் போதும். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் கால அளவைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஆர்மீனியருக்கு 1915இல் நடந்ததை அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் இனப்படுகொலை என்று முறைப்படி அறிவித்தது 2021இல்.

ஒரு செலவு இருக்கிறது, அதை யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். 2014இல் இலங்கை அரசு 16 புலம்பெயர் அமைப்புகளையும் 424 பேரையும் தடைப்பட்டியலில் போட்டது. பிறகு சிலதை நீக்கியது, 2021இல் திரும்பச் சேர்த்தது, 2022இல் மறுபடியும் சிலதை நீக்கியது. பட்டியலில் உள்ள அமைப்பின் மேடையில் நீங்கள் நிற்பது உங்களுக்கு உரிமை. அந்த அமைப்பிடமிருந்து இங்கே ஒரு தாய்க்குக் காசு வந்தால் அவருக்கு வழக்கு. எனவே அரசியல் வேலை செய்பவரும் சாட்சியம் சேகரிப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். அண்ணன் மேடையில் பேசட்டும், தங்கை அம்மாவின் பைலைப் பார்க்கட்டும்.

## இங்கே: செம்மணியும் நீதிமன்றமும் ஓஎம்பியும்

"உள்நாட்டில் நீதி கிடைக்காது" என்று எழுதி வைத்துவிட்டுத்தான் பலர் பேசத் தொடங்குகிறார்கள். தண்டனை என்ற அர்த்தத்தில் மிருசுவில் அதை நிரூபித்துவிட்டது. ஆனால் எலும்பு இந்த மண்ணில்தான் இருக்கிறது. அதைத் தோண்ட உத்தரவு போடக்கூடியது இங்குள்ள நீதவான் மட்டும்தான்.

1996 செப்டெம்பரில் பரீட்சை எழுதிவிட்டு வந்த பாடசாலை மாணவி கிருசாந்தியும், தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் 300 முதல் 400 பேர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டி 15 உடல்களை எடுத்ததோடு அது நின்றது. 2025 பெப்ரவரியில் செம்மணியை அடுத்த அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை கட்ட மண் வெட்டியபோது எலும்புகள் வெளிவந்தன. அந்த ஆண்டு செப்டெம்பருக்குள் 230க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையதும் உண்டு. நீலப் புத்தகப்பை ஒன்று, பால் போத்தல், விளையாட்டுப் பொம்மை. ஜூன் மாதம் மனித உரிமைகள் ஆணையாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இந்த இடத்தில்தான் வெளிநாட்டில் இருப்பவரால் மட்டுமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுபவர் குறைவு. எலும்பை ஒருவருடையது என்று சொல்ல நெருங்கிய இரத்த உறவின் மரபணு வேண்டும். 1996இல் மகனைத் தொலைத்த தாய் தகப்பன் அநேகர் இப்போது இல்லை. மிச்சமிருக்கும் இரத்தம் ஸ்காபரோவிலும் ஹரோவிலும் இருக்கிற சகோதரங்கள்தான். மாதிரி கேட்கப்படும்போது கொடுக்க நாங்கள் இருக்கிறோம் என்று குடும்பத்தின் சட்டத்தரணி வழியாகப் பதிவு செய்யுங்கள். பாதுகாப்பாகச் சேமிக்கும் ஏற்பாடு, சுயாதீன நிபுணர்களின் மேற்பார்வை ஆகியவற்றைக் கேட்டு வற்புறுத்துங்கள். மன்னார் சதொச புதைகுழியில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தும், சில மாதிரிகளை மட்டும் புளோரிடாவுக்கு அனுப்பி, அவை 15 முதல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று 2019இல் முடிவு வந்தபோது குடும்பங்களின் நம்பிக்கை எப்படி உடைந்தது என்று அறிவோம்.

காணாமல் போனோர் அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. பதிவு செய்வதால் ஒரு கோப்பு இலக்கம் கிடைக்கும், காணாமற்போனவர் என்ற சான்றிதழ் எடுக்கலாம். அந்தச் சான்றிதழால் காணி, வங்கிக் கணக்கு, பிள்ளைகளின் பத்திரங்கள் போன்ற அன்றாட வேலைகள் நடக்கும். மரணச் சான்றிதழ் எடுப்பது வேறு விஷயம். 2017இலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டிலில் இருக்கும் தாய்மார் அதையும் இழப்பீட்டையும் மறுப்பது, இராணுவத்திடம் உயிரோடு கொடுத்த பிள்ளைக்குக் கணக்கு முடிக்க மாட்டோம் என்பதால். வெளிநாட்டில் இருந்து காணி விற்கும் அவசரத்தில், "அதை எடுங்கோ அம்மா" என்று நெருக்காதீர்கள்.

## ஒரு பார்வையில்

| வழி | கிடைக்கக்கூடியது | காலம் | இங்குள்ளவருக்கு ஆபத்து | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஜெனீவா | பத்திரமான சாட்சியம் | உடனே கொடுக்கலாம், பலன் எப்போதென்று இல்லை | சம்மதத்தின் எல்லையைப் பொறுத்தது | நீண்ட மௌனம் |
| வெளிநாட்டு நீதிமன்றம் | பெயர் சொல்லித் தண்டனை | பத்து ஆண்டுக்கு மேல் ஆகலாம் | பெயர் வெளிவந்தால் அதிகம் | பழைய அகதி வாக்குமூலம், குறுக்கு விசாரணை |
| தடை | பயணமும் சொத்தும் முடக்கம் | சில ஆண்டு | குறைவு | அரசு மாறினால் நீங்கலாம் |
| பாராளுமன்றத் தீர்மானம் | இனப்படுகொலை என்ற சொல் | தலைமுறைக் கணக்கு | அமைப்பின் காசு வந்தால் உண்டு | மேடையும் பைலும் கலந்துபோவது |
| உள்நாடு | எலும்பு, இடம், சான்றிதழ் | அகழ்வுக்கு அரசு விடும் காசைப் பொறுத்தது | கண்காணிப்பு | மரணச் சான்றிதழுக்கான நெருக்கம் |

## எந்த வழியானாலும் இந்தப் பயணத்திலேயே

வாக்குமூலத்தை ஒரு தரம், ஒழுங்காக எடுங்கள். அம்மா ஏற்கெனவே நாலைந்து ஆணைக்குழுவுக்குச் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு திகதி பிசகியிருக்கும். பழைய பிரதிகளை எல்லாம் பக்கத்தில் வைத்து, முரண் இருந்தால் ஏன் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதுங்கள். அவர் கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனிப் பந்தியில் போடுங்கள். "இராணுவம் கொண்டுபோனது" என்பதோடு நிறுத்தாமல் எந்த இடம், எத்தனை மணி, வெளிச்சம் இருந்ததா, பக்கத்தில் யார் நின்றது என்று கேளுங்கள். இதை முகநூலில் போடாதீர்கள். வட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள். மூலப் படங்களை யாருக்கும் கொடுக்காமல் பிரதி மட்டும் கொடுங்கள். அவர் மறுத்தால், மறுக்க அவருக்கு உரிமை உண்டு. பிள்ளை அவருடையது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய்க்கு இப்படி எழுதி வாசித்துக் காட்டினேன். மகன் போட்டிருந்தது நீலச் சட்டை என்று எழுதியிருந்தேன். நிறுத்தச் சொன்னார். நீலக் கோடு போட்ட வெள்ளைச் சட்டை, மேல் பொத்தான் விழுந்து கறுப்பு நூலால் வேறு பொத்தான் தைத்தது என்று திருத்தினார். அவர் பிறகு இறந்துவிட்டார். 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, செம்மணியில் எடுத்த உடுப்புகளையும் பொருட்களையும் அடையாளம் காண நீதிமன்றம் மக்களைக் கூப்பிட்டபோது, கனடாவில் இருக்கும் மகளால் வர முடியவில்லை. அந்தப் பக்கத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு நான் போனேன். வரிசையில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கறுப்பு நூல் தைத்த பொத்தான் அன்றைக்கு அங்கே இல்லை. மகளுக்கு அப்படியே சொன்னேன். மூலப்பிரதி என் அலுமாரியில் இருக்கிறது, அடுத்த முறை காட்சிக்கு வைக்கும்போது அவள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.